வாஷிங் மெஷின்ல தண்ணி வெளிய போகலையா? கழட்டறதுக்கு முன்னாடி இந்த வரிசைல பாருங்க

தண்ணி நின்னுடுச்சுன்னா உடனே "பம்ப் போச்சு"ன்னு முடிவு பண்ணிடறாங்க, இல்லன்னா கீழ இருக்கற ஃபில்டர ஒரே திருகா திருகி எடுத்து ஹால் வரைக்கும் தண்ணி விட்டுடறாங்க. ரெண்டும் அவசரம். பெரும்பாலும் பம்ப் நல்லாத்தான் இருக்கும், தண்ணி போற வழில எங்கயோ ஏதோ அடைச்சிட்டிருக்கும். அதனால எந்தப் பக்கத்துலேர்ந்து தேடறோம்ங்கறதுதான் முக்கியம். வெளில தண்ணி விழற முனைல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா உள்ள போங்க, ஏன்னா வெளிய இருக்கறத பாக்க ஒரு ஸ்க்ரூகூட கழட்ட வேணாம், உள்ள போகப் போகத்தான் வேலையும் செலவும் ஏறும்.

1. உங்க மெஷின் எந்த வகைன்னு மொதல்ல தெரிஞ்சுக்கோங்க

ஃப்ரன்ட் லோடுல கண்டிப்பா ட்ரெயின் பம்ப் இருக்கும், தண்ணிய மேல தூக்கி வெளிய தள்றது அதுதான். முன்பக்கம் கீழ ஒரு மூலைல சின்ன மூடி இருக்கும், அதுக்குள்ள ஃபில்டர்.

டாப் லோடு வேற கதை. நம்ம ஊர்ல ஓடற நிறைய டாப் லோடுல பம்ப்பே கிடையாது. அடில ஒரு ரப்பர் வால்வு, அத இழுத்துத் திறக்க ஒரு குட்டி மோட்டார், வால்வு திறந்தா தண்ணி தானா பள்ளம் பாத்து ஓடிடும், அவ்ளோதான் விஷயம். ஹோஸ் மெஷினோட அடிப்பக்கத்துலேர்ந்து வந்து தரையோட தரையா கிடந்தா பெரும்பாலும் இந்த வகைதான். செமி ஆட்டோமேட்டிக்லயும் இதே வால்வுதான், மோட்டாருக்கு பதிலா மேல இருக்கற நாப் அத இழுக்கும்.

இத எதுக்கு முதல்ல சொல்றேன்னா, ஃப்ரன்ட் லோடுக்கு எடுத்த வீடியோவ பாத்துட்டு டாப் லோடுல "ஃபில்டர் எங்க ஃபில்டர் எங்க"ன்னு தேடறவங்க நிறைய பேரு. டப்புக்குள்ள தொங்குதே ஒரு வலைப் பை, அது நூலும் பஞ்சும் பிடிக்கறதுக்கு, அத எவ்ளோ கழுவினாலும் நிக்கற தண்ணி போகாது.

3, 4 எல்லாருக்கும் (3ல பம்ப் பத்தி வர்றது பம்ப் இருக்கற மெஷினுக்கு மட்டும்). 5லேர்ந்து 9 வரைக்கும் ஃப்ரன்ட் லோடு. டாப் லோடும் செமியும் வெச்சிருக்கறவங்க 4 முடிச்சிட்டு நேரா 10க்கு போயிடலாம்.

2. எடுத்து வெச்சுக்க வேண்டியது

முக்கியமா ஒரு தட்டையான பாத்திரம். ஃபில்டர் ஓட்டை தரைலேர்ந்து ரொம்பக் கொஞ்ச உயரத்துலதான் இருக்கும், பக்கெட் அங்க நுழையாது. விளிம்பு வெச்ச தாம்பாளமோ, குப்பை அள்ற பிளாஸ்டிக் முறமோ போதும். அதுலேர்ந்து ஊத்த ஒரு பக்கெட், தரைல போட பழைய வேட்டியோ துண்டோ ரெண்டு மூணு, ஒரு டார்ச், பிளையர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர். ஒயர் கழட்டற நிலைமை வந்தா கழட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுக்க போன் பக்கத்துலயே இருக்கட்டும். செருப்பு போட்டுக்கோங்க, ஈரத் தரைல வெறுங்காலோட மெஷின தொடாதீங்க.

3. ப்ளக்க பிடுங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ சத்தம் கேளுங்க

ப்ளக்க எடுத்துட்டா இந்த சோதனை பண்ண முடியாது, அதனாலதான் இது முதல்ல வருது. ஆனா மெஷின தொட்டா ஷாக் அடிக்குது, இல்ல அடில தண்ணி கசியுதுன்னா இந்த ஸ்டெப்பே வேணாம், நேரா எம்சிபிய (மெயின் போர்டுல இருக்கற ட்ரிப் சுவிட்ச்) இறக்கிட்டு ப்ளக்க எடுத்துடுங்க.

புரோகிராம கேன்சல் பண்ணிட்டு "ஸ்பின்" மட்டும், இல்லன்னா "ட்ரெயின்" மட்டும் போடுங்க. ஃபேன், டிவி எல்லாம் ஆஃப் பண்ணிட்டு மெஷினோட கீழ்ப்பக்கம் காத வெச்சு கேளுங்க.

"ம்ம்ம்"ன்னு உறுமுது ஆனா தண்ணி வரல: பம்ப்புக்கு கரண்ட் வருது, பம்ப்புக்குள்ள இருக்கற சின்ன விசிறிய எதுவோ பிடிச்சிட்டிருக்கு, இல்ல வழி அடைச்சிருக்கு. இதுதான் ரொம்ப சகஜம், வீட்லயே சரி பண்ணக்கூடியதும் இதுதான்.

சத்தம் ஒழுங்கா இருக்கு, தண்ணி மட்டும் ஒல்லியா சொட்டுது: ஹோஸ்ல மடிப்பு, இல்ல ஹோஸ் முனைல அடைப்பு.

களகளன்னு காத்து கலந்த மாதிரி சத்தம், கண்ணாடில பாத்தா ஒரே நுரை: கையில துவைக்கற பவுடரயோ டாப் லோடு பவுடரயோ ஃப்ரன்ட் லோடுல போட்டிருப்பீங்க. பம்ப்பால தண்ணிய தள்ள முடியும், நுரைய தள்ள முடியாது. ஒரு மணி நேரம் போல அப்படியே விட்டு நுரை அடங்கினதும் மறுபடி ட்ரெயின் போடுங்க, அப்பறம் பவுடரே இல்லாம ஒரு ரின்ஸ் ஓட்டுங்க. எதையும் கழட்ட வேண்டிய அவசியமே இல்ல.

எந்த சத்தமும் இல்ல: பம்ப் காயில் (உள்ள இருக்கற கம்பிச் சுருள்), ஒயர், மெஷினோட எலக்ட்ரானிக் போர்டு இந்த மூணுல ஒண்ணு. அதுக்காக நேரா அங்க போயிடாதீங்க, 4லேர்ந்து வரிசையாவே வாங்க. சில பம்ப் விசிறி முழுசா இறுகிட்டா முனகல்கூட வெளிய கேக்காது.

டிஸ்ப்ளேல வர்ற கோட பத்தி ஒரு வார்த்தை. எல்ஜில 'ஓஈ', சாம்சங்ல '5ஈ' இல்ல '5சி', போஷ்ல 'ஈ18'னு வரும். இதெல்லாம் "குறிப்பிட்ட நேரத்துக்குள்ள தண்ணி இறங்கல"ங்கறத மட்டும்தான் சொல்லுது. எதனால இறங்கலன்னு மெஷினுக்கே தெரியாது. கோட பாத்துட்டு பம்ப் ஆர்டர் பண்றவங்க இத கொஞ்சம் யோசிக்கணும்.

4. ஹோஸ முனைலேர்ந்து பாருங்க

இப்ப ப்ளக்க பிடுங்குங்க, சுவிட்ச மட்டும் ஆஃப் பண்ணிட்டு விடாதீங்க. தண்ணி பைப்பையும் மூடுங்க.

ஹோஸ் முனைய வெளிய எடுங்க. பாத்ரூம் நானி ட்ராப்குள்ள (தரைல தண்ணி இறங்கற ஓட்டை) ரொம்ப ஆழமா சொருகி வெச்சிருந்தா முனை அடில இருக்கற சகதில புதைஞ்சிருக்கும், அங்கயே பாதி கேஸ் முடிஞ்சிடும். சொருகின இடத்த சுத்தி துணியோ டேப்போ வெச்சு டைட்டா அடைச்சிருந்தாலும் தப்பு, காத்து போக இடம் வேணும். அடுத்தது மெஷினுக்கு பின்னாடி. மெஷின சுவரோட ஒட்டித் தள்ளும்போது ஹோஸ் நசுங்கி மடிஞ்சிருக்கும், அதுவும் பெருக்கித் துடைக்க இழுத்துட்டு திரும்ப தள்ளின மறுநாள் பிரச்சனை ஆரம்பிச்சுதுன்னா முதல் சந்தேகம் இதுமேலதான் வரணும்.

உயரம். ஃப்ரன்ட் லோடு ஹோஸ் மெஷினோட முதுகுல இருக்கற கிளிப்ல மாட்டி மேல ஏறி அப்பறம்தான் இறங்கணும், பொதுவா தரைலேர்ந்து 60 செ.மீ.லேர்ந்து 100 செ.மீ.க்குள்ள. அதுக்கு மேல தூக்கிக் கட்டினா பம்ப் திணறும். ஏறாம நேரா தரைல கிடந்தா பல மாடல்கள்ல பிடிக்கற தண்ணி பிடிக்கப் பிடிக்க தானா ஓடிடும், அது வேற தொல்லை. வால்வு வெச்ச டாப் லோடுக்கு இது அப்படியே தலைகீழ், ஹோஸ் தரையோட கிடக்கணும், வழில ஒரு வாசப்படி ஏறி இறங்கினாக்கூட தண்ணி நின்னுடும், பின்னாடி தள்ள அங்க யாரும் இல்லையே. ஹோஸ் பத்தலன்னு ஒட்டுப் போட்டு நீட்டின வீடுகள்ல ஒட்டுப் போட்ட இடத்துலதான் நூலும் முடியும் சேரும், அத கழட்டிப் பாருங்க.

கடைசியா வீட்டு ட்ரெயினேஜ். ஒரு பக்கெட் தண்ணிய அதே ட்ராப்ல ஊத்துங்க. அது இறங்காம மேல ஏறுச்சுன்னா மெஷின்ல ஒண்ணுமே இல்ல, பிளம்பரத்தான் கூப்பிடணும். மழைக்காலத்துல கீழ்வீட்டுக்காரங்களுக்கு இது அடிக்கடி வரும்.

5. ஃபில்டர தொடறதுக்கு முன்னாடி தண்ணிய காலி பண்ணுங்க

எல்லாரும் சறுக்கற இடம் இது. உள்ள பதினஞ்சு, இருபது லிட்டர்கூட நிக்கலாம், ஃபில்டர்தான் அதுக்கு கீழ இருக்கற ஒரே மூடி. சுடுதண்ணி வாஷ் போட்டிருந்தீங்கன்னா ஆறட்டும், 60 டிகிரி தண்ணி கைல கொட்டினா தோல் உரிஞ்சிடும்.

கீழ் மூடிய திறந்தா ஃபில்டர் பக்கத்துல விரல் தடிமன்ல ஒரு ரப்பர் ட்யூப் இருக்கும், நிறைய மாடல்ல உண்டு. அத இழுத்து தாம்பாளத்துல வெச்சு முனைல இருக்கற மூடிய பிடுங்குங்க. மெதுவாத்தான் வரும். தாம்பாளம் நிறைஞ்சதும் மூடிய போட்டுட்டு பக்கெட்ல ஊத்திட்டு திரும்ப வைங்க. அலுப்பான வேலைதான், ஆனா தரைய துடைக்கறத விட இது மேல்.

ட்யூப் இல்லாத மாடல்னா ஃபில்டர கால் சுத்து மட்டும் இடதுபக்கம் திருகுங்க, ஓரமா கசிய ஆரம்பிக்கும். தட்டு நிறையறப்ப திரும்ப இறுக்கிடுங்க. முழுசா எடுத்துட்டா தண்ணி வர்ற வேகத்துல திரும்ப மாட்ட முடியாது.

கதவ பலமா இழுக்காதீங்க. தண்ணி இறங்கி, ப்ளக்க எடுத்து கொஞ்ச நேரம் ஆனா பெரும்பாலும் லாக் தானா விட்டுடும். கைப்பிடி உடைஞ்சா அது தனிச் செலவு.

6. ஃபில்டர எடுத்து கழுவுங்க

தண்ணி வரது நின்னதும் முழுசா திருகி எடுங்க. வரலன்னா பிளையர்ல பிடிச்சு முரட்டுத்தனமா திருப்பாதீங்க, பிளாஸ்டிக் காது உடைஞ்சுடும். பெரும்பாலும் உள்ள ஒரு காசோ ஊக்கோ ஃபில்டரோட பல்லுல குறுக்க மாட்டியிருக்கும். முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமா ஆட்டினா விட்டுக்கொடுக்கும்.

வெளிய வரது பாக்க நல்லா இருக்காது. சாம்பல் கலர்ல பஞ்சும் தலைமுடியும் சேர்ந்து கம்பளி மாதிரி திரண்டு ஒரு ஹேர்பின்ன சுத்தியிருக்கும், அதுக்குள்ள கருத்துப்போன ஒரு ரூபா காசு, சட்டை பட்டன், பாதி கரைஞ்ச பஸ் டிக்கெட், பிரா கம்பி, குழந்தையோட ஒத்தை சாக்ஸ். வேட்டி, டவல் நிறைய போடற வீட்ல பஞ்சுதான் முக்கால்வாசி. கைய நேரா உள்ள விடாதீங்க, சேஃப்டி பின் குத்தும், டார்ச் அடிச்சு பாத்துட்டு விடுங்க.

ஃபில்டர பழைய டூத் பிரஷ் போட்டு கழுவுங்க. போர் தண்ணி ஊர்ல வெள்ளையா உப்பு படிஞ்சிருந்தா லெமன் சால்ட் கரைச்ச வெந்நில ஊற வெச்சா உதிர்ந்துடும். டாய்லெட் கழுவற ஆசிட் வேணாம், அது ரப்பர் வாஷர கெடுத்துடும்.

7. ஃபில்டர் இருந்த ஓட்டைக்குள்ள இருக்கற விசிறிய சுத்திப் பாருங்க

ஃபில்டர மட்டும் கழுவி மாட்டிட்டு "அப்படியும் போகல"ன்னு சொல்றவங்க எல்லாரும் விட்ட ஸ்டெப் இது. ஓட்டையோட அந்தக் கோடில சின்னதா ஒரு பிளாஸ்டிக் விசிறி தெரியும். ப்ளக் வெளியதான் இருக்கான்னு இன்னொரு தடவ பாத்துட்டு, ஒரு பென்சில் முனையால அத தள்ளுங்க.

நல்ல பம்ப்ல விசிறி வழுவழுன்னு சுத்தாது. உள்ள காந்தம் இருக்கறதால விட்டு விட்டு, தடக் தடக்குன்னு தான் நகரும். இத பாத்து "இறுகிடுச்சு"ன்னு நினைச்சு பம்ப் மாத்தினவங்க உண்டு. லேசா ஆடறதும் சகஜம்தான். எந்தப் பிடிப்பும் இல்லாம காத்தாடியா சுத்துச்சுன்னாதான் கோளாறு, விசிறி காந்தத்துலேர்ந்து கழண்டுடுச்சுன்னு அர்த்தம். நகரவே மாட்டேங்குதுன்னா விசிறிக்கு பின்னாடி தண்டுல நூலோ முடியோ சுத்தியிருக்கும், கொக்கியால, இல்ல ட்வீசரால இழுத்து எடுங்க. முடி ஒரு இழையாத்தான் தெரியும், இழுத்தா ஒரு கத்தையே வரும்.

8. திரும்ப மாட்டி, துணி இல்லாம ஓட்டிப் பாருங்க

ஃபில்டர் கழுத்துல இருக்கற ரப்பர் வளையத்த துடைச்சு, முறுக்கு இல்லாம உக்காந்திருக்கான்னு பாருங்க. ஒரு முடி ஒட்டியிருந்தாலும் கசியும். மரை கோணலா ஏறாம இருக்க முதல்ல இடதுபக்கம் லேசா திருப்பி "டக்"குனு உக்கார விட்டுட்டு அப்பறம் வலதுபக்கம் இறுக்குங்க. ரப்பர் ட்யூப் மூடிய போட மறக்காதீங்க.

பவுடர் போடற ட்ரே வழியா ரெண்டு லிட்டர் தண்ணி ஊத்தி ட்ரெயின் போடுங்க. முழு வாஷ் வேணாம், ஏன்னா இன்னும் அடைப்பு இருந்தா மறுபடி இருபது லிட்டர தாம்பாளத்துல அள்ளணும். ரெண்டு லிட்டர் சரியா போச்சுன்னா ஒரு ரின்ஸும் ஸ்பின்னும் போட்டு, ஃபில்டர் கீழ ஒரு காஞ்ச டிஷ்யூ பேப்பர் வெச்சிருங்க. அது நனையலன்னா சரி.

9. அப்படியும் போகலன்னா

டப்புக்கும் பம்ப்புக்கும் நடுவுல மடிப்பு மடிப்பா தடிமனான ஒரு ரப்பர் குழாய் இருக்கு. சாக்ஸ், கர்ச்சீஃப் எல்லாம் பெரும்பாலும் சிக்கறது அங்கதான், பல சமயம் ஃபில்டர் வரைக்கும் வந்திருக்காது. இத பாக்க மறுபடி ப்ளக்க பிடுங்கிட்டு மெஷின சாய்க்கணும், இல்ல பின் தகட்ட கழட்டணும். ஃப்ரன்ட் லோடுக்குள்ள கான்க்ரீட் எடை இருக்கு, தனியா சாய்க்காதீங்க, ரெண்டு பேரு வேணும், அடில துணி போட்டு பக்கவாட்டுல சாய்ங்க. அப்பறம் கிளாம்ப பிளையரால அழுத்தி நகர்த்திட்டு குழாய கழட்டுங்க. சில மாடல்ல உள்ள ஒரு பிளாஸ்டிக் பந்து இருக்கும், யாரோ குழந்தை போட்ட பந்துன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, அது மெஷினோட பார்ட், பவுடர் தண்ணி கீழ இறங்கி வீணாகாம தடுக்கறது.

குழாயும் சுத்தம்னா பம்ப்ப சந்தேகப்படலாம். மல்டிமீட்டர் இருந்தா ஒயர கழட்டிட்டு பம்ப்போட ரெண்டு முனைல ஓம் (ரெசிஸ்டன்ஸ்) பாருங்க. ரெண்டு ஒயர் வர்ற சாதா 230 வோல்ட் பம்ப்புக்கு பொதுவா 100லேர்ந்து 200 ஓமுக்குள்ள காட்டும். ஒண்ணுமே காட்டலன்னா காயில் போச்சு, புது பம்ப் போட்டுக்கலாம். வாங்கப் போறப்ப பழைய பம்ப்ப கையோட எடுத்துட்டுப் போங்க, மாடல் நம்பர் மட்டும் சொன்னா ஸ்க்ரூ ஓட்டை பொருந்தாத ஒண்ண குடுத்துடுவாங்க.

ஓம் சரியா இருக்கு, பம்ப் மட்டும் ஓடலன்னா ஒயர எலி கடிச்சிருக்கான்னு பாருங்க. பால்கனில, மாடிப்படி கீழ வெச்ச மெஷின்ல இது சர்வசாதாரணம், ஹோஸையும் சேத்தே கடிச்சிருக்கும்.

10. டாப் லோடு வெச்சிருக்கறவங்க

வால்வு வகைல ட்ரெயின் ஆரம்பிக்கறப்ப முதல்ல "டொக்"குனு ஒரு சத்தம், இல்ல மெல்லிசா மோட்டார் இழுக்கற சத்தம் கேக்கணும். அந்த மோட்டார்தான் வால்வ திறக்குது, நிறைய மாடல்ல ஸ்பின்னுக்கான கிளட்சையும் அதுவேதான் இழுக்குது. அதனால தண்ணியும் போகல, ஸ்பின்னும் ஆகலன்னா ரெண்டு கோளாறுன்னு பயப்பட வேணாம், ட்ரெயின் மோட்டார் ஒண்ணு போயிருக்கலாம்.

இழுக்கற சத்தம் கேக்குது, தண்ணி போகலன்னா வால்வு வாய்ல துணியோ நூலோ சிக்கியிருக்கும். ப்ளக்க பிடுங்கி, தண்ணிய மக்ல அள்ளி காலி பண்ணிட்டு பின்பக்கத் தகட்ட கழட்டினா வால்வு தெரியும், அதோட மூடிய திருகி எடுத்து உள்ள இருக்கற ரப்பரையும் ஸ்ப்ரிங்கையும் கழுவலாம். கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, ஸ்ப்ரிங் எந்தப் பக்கம் உக்காந்திருந்துதுன்னு அப்பறம் ஞாபகம் இருக்காது.

திரும்ப மாட்டினதும் தண்ணி ரொப்பி பத்து நிமிஷம் சும்மா விட்டுப் பாருங்க. மட்டம் இறங்குச்சுன்னா ரப்பர்ல இன்னும் ஏதோ ஒட்டியிருக்கு, வால்வு முழுசா மூடல.

11. செமி ஆட்டோமேட்டிக்

ட்ரெயின் நாப திருப்பறப்ப வழக்கமா இருக்கற பிடிப்பு இல்லாம லூசா சுத்துச்சுன்னா நாபுக்கும் வால்வுக்கும் நடுவுல இருக்கற நாடா அறுந்திருக்கு, இல்ல கொக்கிலேர்ந்து கழண்டிருக்கு. பின் தகட்ட எடுத்து மாட்டிடலாம், அறுந்திருந்தா தற்காலிகமா கெட்டியான நைலான் கயிறுகூட போதும், ஆனா நாப் "வாஷ்"ல இருக்கறப்ப கயிறு கொஞ்சம் தளர்வா இருக்கணும். இழுத்துக் கட்டினா வால்வு மூடவே மூடாது, பிடிக்கற தண்ணி எல்லாம் போயிடும். பிடிப்பு இருந்தும் தண்ணி போகலன்னா வாஷ் டப்போட அடில இருக்கற ஜல்லடையும் அதுக்கு கீழ இருக்கற வால்வும்தான், ஜல்லடைல சோப்புத் துண்டு கரையாம உக்காந்திருக்கும்.

12. எப்ப ஆள கூப்பிடணும்

தண்ணி எல்லாம் போனதுக்கு அப்பறமும் கோட் வந்துட்டே இருக்கு, பம்ப் நல்லா இருந்தும் அதுக்கு கரண்ட் வரல, வாரன்டி இன்னும் முடியல, இதுல எதுவா இருந்தாலும் நிறுத்திக்கோங்க. முதல்ல சொன்னது தண்ணி அளவு பாக்கற சென்சார், இல்ல அதுக்கு போற காத்து ட்யூப். ரெண்டாவது பெரும்பாலும் போர்டு, அத பாக்கணும்னா கரண்ட் இருக்கறப்ப மீட்டர் வைக்கணும், பழக்கம் இல்லாதவங்க செய்யற வேலை இல்ல.

டெக்னீஷியன கூப்பிடறப்ப "தண்ணி போகல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. ஹோஸ் பாத்தாச்சு, ஃபில்டர் கழுவியாச்சு, விசிறி தடக் தடக்னு நகருது, பம்ப் சத்தம் வரல, காயில் இவ்ளோ ஓம் காட்டுதுன்னு சொல்லுங்க. ஃபில்டர் கழுவறதுக்கு மட்டும் ஒரு விசிட் சார்ஜ் போகாது, வர்றவரும் தேவையான பார்ட்ட கையோட எடுத்துட்டு வருவார். பம்ப் மாத்தினா பழச வாங்கி வெச்சுக்கோங்க, போர்டு மாத்தணும்னு சொன்னா பம்ப் கனெக்டர்ல வோல்டேஜ் வருதா இல்லையான்னு மீட்டர் வெச்சு காட்டச் சொல்லுங்க.